யானைக்கன்றைத் தின்றவர்கள்



1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவின் மாபார்க் கரையை நோக்கிப் புறப்பட்ட கப்பல் ஒன்று காற்றின் போக்கில் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அதில் இருந்தவர் மொறோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா. டில்லியிலும் மாலைதீவிலும் நீதிபதியாக இருந்தவர். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. மூன்று நாள் அரசருடன் தங்கியதாக இப்னு பதூதா எழுதுகிறார். முத்துக் குவியலைக் காட்டி, கூச்சப்படாமல் வேண்டியதைக் கேளும் என்று அரசர் சொன்னாராம். பாவா ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை என்றாராம் இவர். பல்லக்கும் வழித்துணைக்கு யோகிகளும் பிராமணரும் சுமைகாரரும் கிடைத்தன. இந்த விவரங்களுக்கு நடுவே அவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு செய்திதான் இன்றைய பேச்சுக்கு வித்து. அந்த அரசருக்குப் பாரசீகம் விளங்கும். பிற நாடுகளையும் மன்னர்களையும் பற்றித் தான் சொன்னவற்றை அவர் விரும்பிக் கேட்டார் என்கிறார்.

செகராசசேகரம் என்ற வைத்திய நூலும் செகராசசேகரமாலை என்ற சோதிட நூலும் தந்த அரச மரபு அது. அந்த மரபில் பாரசீகம் அறிந்த ஒருவர் இருந்திருக்கிறார் என்பதில் வியப்பில்லை. முத்து, கறுவா, குதிரை ஆகியவற்றின் வாணிகம் நடந்த கடலில் பாரசீகம் பல துறைமுகங்களுக்குப் பொதுமொழி. காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல் இதற்கு இன்னொரு சாட்சி. சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. சீன வாசகம் புத்தரையும், தமிழ் வாசகம் தென்னாவரை நாயனாரையும், பாரசீக வாசகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. இலங்கையில் பேசினால் கேட்கப்படும் மொழிகள் என்று நான்சிங்கில் இருந்தவர்கள் தமிழையும் பாரசீகத்தையும் எண்ணினார்கள்.

சரி, கதைக்கு வருவோம். மலைக்குப் போகும் வழியைச் சொல்லும்போது இப்னு பதூதா ஒரு பழைய கதையைச் சொல்கிறார். ஷிராஸ் நகரத்து ஞானி இப்னு கஃபீப் (அவர் காலமானது 982இல்) முப்பது பேரளவில் பக்கிரிகளோடு இந்த மலையை நோக்கி நடந்தாராம். வழி தவறியது, ஆள் நடமாட்டம் இல்லை, பசி. கூட வந்தவர்கள் ஒரு யானைக்கன்றைப் பிடித்து உண்ண அனுமதி கேட்டார்கள். ஞானி மறுத்தார். பசி பொறுக்காமல் அவர்கள் மீறினார்கள். கன்றைக் கொன்று தின்றார்கள். அவர் தொடவில்லை. அன்றிரவு எல்லாத் திசையிலிருந்தும் யானைகள் வந்தன. படுத்திருந்த ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்தன, கொன்றன. ஞானியை முகர்ந்தன, விட்டன. ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்து ஊர் இருக்கும் இடம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டது. அதிலிருந்துதான் இந்தத் தீவின் மக்கள் முஸ்லிம்களை மதித்து வீட்டில் இடம் கொடுக்கிறார்கள் என்று முடிக்கிறார் இப்னு பதூதா.

இதே கதை இப்னு பதூதாவுக்கு ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகக் கவிதையாகிவிட்டது. கொன்யாவில் வாழ்ந்த ஜலாலுத்தீன் ரூமி (1207 – 1273) தம் மஸ்னவியின் மூன்றாம் நூலில் இதைச் சொல்கிறார். அங்கே ஞானியின் பெயர் இல்லை; மலை இல்லை; இடம் பொதுவாக இந்துஸ்தான். அறிவாளி ஒருவர் பசித்து வரும் பயணிகளைக் கண்டு, கன்றைத் தொடாதீர்கள், தாய் தேடி வரும் என்று எச்சரிக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. ஒருவன் மட்டும் உண்ணாமல் விழித்திருக்கிறான். தாய் யானை வந்து அவன் வாயை மூன்று முறை முகர்ந்து விலகுகிறது, உறங்கியவர்களைக் கிழிக்கிறது. கதை முடிந்ததும் ரூமி யானையை விட்டுவிட்டு வாயைப் பிடித்துக்கொள்கிறார். புறங்கூறுவது பிறர் ஊனைத் தின்பது. அகந்தைக்கும் பேராசைக்கும் ஒரு வாடை உண்டு. நீ சத்தியம் செய்து மறைத்தாலும் வாயைத் திறந்ததும் வெங்காய நாற்றம்போல் அது வெளியே வந்துவிடும் என்கிறார்.

ஒரே யானை, ஒரே கன்று. ஒருவர் கையில் அது ஒரு தீவில் ஒரு சமூகத்துக்கு மதிப்பு வந்த வரலாறு. மற்றவர் கையில் பேச்சின் ஒழுக்கம். இலங்கையில் பயணம் செய்யும் முஸ்லிமுக்கு முதற்கதை வேண்டியிருந்தது. கொன்யாவில் சீடர்களோடு அமர்ந்திருந்தவருக்கு இரண்டாவது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: மத்தியகாலப் பாரசீக விலங்குக் கதைகளில் நீதி கதைக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. சொல்பவர் யார், கேட்பவர் யார், சொல்லும் காலம் எது என்பதைப் பொறுத்து அது பிறக்கிறது. அதை மறந்து நாங்கள் இவற்றைக் குழந்தைக் கதைகளாக்கிவிட்டோம்.

இந்தக் கதைகளின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனவை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பாரசீகப் பேரரசர் அனுஷிர்வான் (531 – 579) காலத்தில் பர்சூயா என்ற வைத்தியர் பஞ்சதந்திரத்தைப் பஃலவி மொழிக்குக் கொண்டுசென்றார். அந்தப் பஃலவி நூல் அழிந்துவிட்டது. அதிலிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபஃ அரபியில் ஆக்கிய கலீலாவும் திம்னாவும் நிலைத்தது. கரடகன், தமனகன் என்று எங்களுக்குத் தெரிந்த இரு நரிகள்தான் அங்கே கலீலா, திம்னா. இப்னுல் முகஃபஃ பிறப்பால் பாரசீகர். அரபியிலிருந்து கதை மறுபடி பாரசீகத்துக்குத் திரும்பியது. பத்தாம் நூற்றாண்டில் ரூதகி செய்யுளாகப் பாடினார். சில அடிகளே மிஞ்சின. 1145 அளவில் கஸ்னவி அரசன் பஹ்ராம் ஷாவின் அவையில் நஸ்ருல்லா முன்ஷி உரைநடையில் எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெராத் நகரத்துப் பிரசங்கி ஹுசைன் வாயிஸ் காஷிஃபி அதையே அணி அலங்காரம் பூட்டி அன்வாரே சுஹைலி என்று விரித்தார். 1588இல் அக்பருக்காக அபுல் ஃபஸல் அதைச் சுருக்கி எளிமையாக்கினார். பிரான்சில் லா ஃபொந்தேன் 1678இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் இந்திய முனிவர் பில்பைக்கு நன்றி சொன்னதும் காஷிஃபியின் நூல் வழியாகப் போன கதைகளால்தான்.

பர்சூயா தம் வரலாற்றை நூலுக்கு முன்னே வைத்தார். அதில் ஓர் உவமை. மத யானைக்கு அஞ்சி ஓடிய மனிதன் கிணற்றில் தொங்குகிறான். கீழே வாய் பிளந்த பெரும் பாம்பு. கால் பட்ட இடத்தில் நான்கு பாம்புகள். பிடித்த கிளைகளைக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு எலிகள் கறிக்கின்றன. அப்போது ஒரு தேன் துளி. எல்லாவற்றையும் மறந்து அதை நக்குகிறான். தமிழ் படித்தவர் உடனே சூளாமணியை நினைப்பார். யானை, குழி, பாம்பு, தேன் துளி எல்லாம் அங்கும் உண்டு. அந்தச் சூளாமணியை 1889இல் பதிப்பித்து எங்கள் கையில் தந்தவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. சமண முனிவரும் பாரசீக வைத்தியரும் ஒரே குழிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். சமணர் கண்டது துறவின் அவசியம். பர்சூயாவும் அதையே கண்டார். ஆனாலும் வைத்தியத் தொழிலை விடவில்லை, அரசரின் பணியையும் விடவில்லை. தேன் துளியின் ருசியை அறிந்தவர் எழுதிய முன்னுரை என்பதால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை.

இப்போது திம்னாவிடம் போவோம், ஏனென்றால் நீதி என்ற சொல்லுக்கு அங்கேதான் பெரிய சோதனை. பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரமான மித்திரபேதத்தில், சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பைத் தமனகன் கோள் சொல்லிக் கெடுக்கிறான். சிங்கம் எருதைக் கொல்கிறது. தமனகன் அமைச்சனாகிறான். கதை முடிந்தது! ராஜதந்திரம் கற்கும் இளவரசனுக்கு அது போதும். அரபி நூலில் அது போதவில்லை. அங்கே திம்னாவின் விசாரணை என்று ஒரு புதிய அதிகாரம் சேர்ந்திருக்கிறது. சிங்கத்தின் தாய் சந்தேகிக்கிறாள். திம்னா மன்றில் நிறுத்தப்படுகிறான். அவன் சொல்லும் வாதங்கள் அந்த நூலிலேயே மிகக் கூர்மையானவை. உன் முகத்தைப் பார்த்தாலே குற்றவாளி என்று தெரிகிறது என ஒருவன் அங்க இலட்சணம் பேசும்போது, பிறவி அடையாளம் குற்றத்துக்கு ஆதாரம் ஆகுமானால் நற்செயலுக்குப் பரிசும் தீச்செயலுக்குத் தண்டனையும் எதற்கு என்று திம்னா கேட்கிறான். அவையில் பதில் இல்லை. உண்மையைக் காதால் கேட்ட சிறுத்தை ஒன்று இருக்கிறது; ஆனால் தனிச் சாட்சி. இன்னொரு சாட்சி சிறைக்குள் கிடக்கும் ஒரு மிருகம். இருவரும் முன்வந்த பிறகே தீர்ப்பு. திம்னா சிறையிலே பட்டினியால் சாகிறான்.

இந்த அதிகாரத்தை வெறும் ‘பாவத்தின் சம்பளம்’ என்று படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். குற்றவாளி என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவனுக்கு எதிராகவும் சாட்சி தேவை என்பது அதன் மறுபாதி. சாட்சி சொல்ல அஞ்சுபவர் இருக்கும் நாட்டில் நீதி எவ்வளவு தாமதிக்கும் என்பதையும் அது காட்டுகிறது. இதை எழுதியவரின் முடிவும் இங்கே சொல்லத்தக்கது. கலீபா மன்சூரை எதிர்த்துத் தோற்ற அவருடைய சிற்றப்பன் ஒருவருக்காக இப்னுல் முகஃபஃ பாதுகாப்பு உறுதிப் பத்திரம் ஒன்று எழுதினார். வாக்கு மீறினால் கலீபாவுக்கு என்ன ஆகும் என்பதை ஒளிவு மறைவின்றிக் கடுமையாக எழுதிவிட்டார். அதனால் மூண்ட சினமே காரணமென்று பழைய வரலாற்றாசிரியர் சொல்வர்: அவர் பஸ்ராவில் கொல்லப்பட்டார். நரியையும் சிங்கத்தையும் பேச வைத்த வரை அவருக்கு ஆபத்தில்லை. மனித மொழியில் நேரே எழுதிய ஒரு காகிதம் உயிரைக் குடித்தது.

சிங்கமும் முயலும் கதை இந்த மண்டபத்தில் தெரியாதவர் இல்லை. நாளுக்கொரு மிருகம் என்ற ஒப்பந்தம், தாமதித்து வந்த முயல், கிணற்றில் தெரிந்த நிழல், பாய்ந்து இறந்த சிங்கம். புத்திமான் பலவான் என்று எங்கள் சின்ன வகுப்பில் எழுதி முடித்த கதை. கலீலாவிலிருந்து இதை எடுத்த ரூமி, மஸ்னவியின் முதல் நூலில் என்ன செய்கிறார் பாருங்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு நீண்ட தர்க்கத்தை நுழைக்கிறார். உணவுக்காக ஓடாதே, இறைவனை நம்பியிரு என்று மிருகங்கள் சிங்கத்துக்குப் போதிக்கின்றன. முயற்சியும் இறைவன் கொடுத்த கருவிதான், ஒட்டகத்தின் முழங்காலைக் கட்டிவிட்டு நம்பிக்கை வை என்று சிங்கம் வாதிடுகிறது. திருக்குறளில் ஊழ் என்ற அதிகாரமும் ஆள்வினையுடைமை என்ற அதிகாரமும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டால் எப்படியிருக்கும், அப்படி. இதில் குறும்பு எங்கே என்றால், விதியைப் போதிப்பவர்கள் உயிர் தப்ப விரும்பும் இரைகள். உழைப்பைப் போதிப்பது அவற்றைத் தின்னப்போகும் சிங்கம். யார் எந்தத் தத்துவத்தைப் பேசுகிறார் என்பதற்கு அவர் வயிறும் ஒரு காரணம் என்பதை ரூமி நன்றாக அறிந்தவர்.

பிறகு கிணறு. சிங்கம் பார்த்தது எதிரியை என்று எண்ணியது. அது தன்னையே தாக்கியது. பிறரிடம் நீ காணும் கொடுமை பலவேளை உன் நிழல்தான் என்கிறார் கவிஞர். சிங்கம் செத்ததும் மிருகங்கள் கூத்தாடுகின்றன. முயலோ அவற்றை அடக்குகிறது. வெற்றி முறை வைத்து வரும், இன்று உனக்கு நாளை இன்னொருவனுக்கு, மகிழாதே என்கிறது. அதன் தொடர்ச்சியாக ரூமி, புறப்பகை முடிந்தது, அதைவிடக் கொடிய பகை அகத்தே இருக்கிறது, அதை முயலால் வெல்ல முடியாது என்று சொல்லிக்கொண்டே போகிறார். சின்ன வகுப்பு நீதியில் கொடியவன் ஒழிந்ததோடு பாடம் முடிகிறது. ரூமிக்கு அங்கேதான் தொடங்குகிறது. எந்தச் சமூகம் எந்த வரியில் புத்தகத்தை மூடிவைக்கிறது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஷிராஸ் நகரத்து சஅதியிடம் இரண்டு நரிகள் உண்டு. 1257இல் முடித்த பூஸ்தானில் வருவது முதல் நரி. காலில்லாத அந்த நரி எப்படிப் பிழைக்கிறது என்று ஒருவன் ஒளிந்து பார்க்கிறான். சிங்கம் ஒரு குள்ளநரியைக் கொன்று கொண்டுவந்து தின்றுவிட்டுப் போகிறது, மிச்சம் நரிக்கு. நமக்கும் இறைவன் தருவான் என்று அவன் மூலையில் உட்கார்ந்தான். எலும்பும் தோலுமானான். கடைசியில் பள்ளிவாசல் சுவரிலிருந்து ஒரு குரல்: முடமான நரியாக ஏன் இருக்கிறாய், மிச்சம் வைக்கும் சிங்கமாக இரு. நல்ல பாடம்தான், கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது நரி அப்படி விடாது. 1258இல் எழுதிய குலிஸ்தானின் முதல் அதிகாரத்தில் வருகிறது. கணக்குச் சுத்தமான ஒரு நண்பர் அரச உத்தியோகம் தேடுகிறார். கணக்கு நேராக இருப்பவனுக்கு விசாரணையில் என்ன பயம் என்கிறார். அதற்கு சஅதி சொல்லும் கதை: விழுந்தடித்து ஓடுகிற நரியிடம் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டார்கள். ஒட்டகங்களைக் கட்டாய வேலைக்குப் பிடிக்கிறார்களாம் என்றது. பைத்தியமே, உனக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம்? நரி சொன்னது: பொறாமைக்காரன் எவனாவது இதுவும் ஒட்டகக்குட்டிதான் என்று கைகாட்டிவிட்டால், நான் யார் என்று விசாரித்து விடுவிக்க யார் மெனக்கெடப் போகிறார்கள்? ஈராக்கிலிருந்து மருந்து வருவதற்குள் பாம்பு கடித்தவன் செத்துவிடுவான்.

இந்தக் கதைக்கு யாழ்ப்பாணத்தில் உரை எழுதத் தேவையில்லை. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு வீதிக்கு இறங்கிய தலைமுறை இந்த மண்டபத்தில் பாதிக்கு மேல். ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களும் இருப்பீர்கள். குற்றமற்றவனுக்குப் பயமில்லை என்ற நல்லுரையை நம்பி வீட்டிலே இருந்தவர்களின் கதைகளை நாங்கள் அறிவோம். சஅதி அந்த நல்லுரையை எழுதத் தெரியாதவரல்லர். பல இடங்களில் எழுதியும் இருக்கிறார். மங்கோலியர் பக்தாத்தை அழித்த ஆண்டு 1258. அதே ஆண்டில் எழுதிய நூலில் அவர் நேர்மையாளருக்குச் சொன்ன புத்திமதி இது: நேர்மை மட்டும் உன்னைக் காப்பாற்றாது. அறநூல் ஒன்று இதைச் சொல்லத் துணிந்ததே பெரிது. அந்த நண்பர் கேட்கவில்லை, உத்தியோகம் ஏற்றார், உயர்ந்தார், பிறகு சிறைப்பட்டார் என்று கதை மேலும் போகிறது.

எங்கள் பேச்சில் உருத்திராட்சப் பூனை உண்டு. மாமல்லபுரத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டிலேயே அது ஒற்றைக் காலில் தவம் செய்கிறது; எலிகள் கும்பிட்டு நிற்கின்றன. அதன் பாரசீக உறவு கிர்மான் நகரத்தில் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டு நையாண்டிக் கவிஞர் உபைத் சாகானியின் பெயரால் வழங்கும் எலியும் பூனையும் என்ற பாட்டில், பூனை பள்ளிவாசலில் அழுது தொழுது பாவமன்னிப்புக் கேட்கிறது. மகிழ்ந்த எலிகள் தட்டுத் தட்டாகப் பரிசில்களோடு வருகின்றன. பூனை பாய்ந்து அவற்றைப் பிடிக்கிறது. கிர்மானை ஆண்ட, கடும் பக்தியும் கடும் கையும் கொண்ட முபாரிசுத்தீன் முகமதைத்தான் பாட்டுக் குத்துகிறது என்று பலர் கருதுகின்றனர். அதாவது எங்கள் ஆரியச் சக்கரவர்த்தி புத்தளத்தில் பாரசீகக் கதை கேட்ட அதே காலத்து அரசன். பின்னாளில் ஈரானில் இது சிறுவர் புத்தகமாகப் படம் போட்டு விற்கப்பட்டது. அரசனுக்குப் பயந்து பூனையாக்கினார்கள்; அரசன் போன பிறகு பூனை மட்டும் மிஞ்சியது.

இந்த மரபை முழுதாகத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். சியாவுத்தீன் நக்ஷபி 1330இல் இந்தியாவில் இருந்து எழுதிய தூத்திநாமாவில், கணவன் ஊரில் இல்லாத பெண்ணை வீட்டைவிட்டு வெளியேறாமல் நிறுத்த ஒரு கிளி 52 இரவுகள் கதை சொல்கிறது. சமஸ்கிருதக் கிளிக்கதையின் வழிவந்தது. சுவையான நூல், அக்பர் அதற்கு அற்புதமான ஓவியங்கள் வரையச் செய்தார். ஆனால் பெண்ணைக் காவல் காக்கும் பறவைக்கு இருக்கும் அறிவில் கால் பங்கையும் அந்தப் பெண்ணுக்கு ஆசிரியர் கொடுக்கவில்லை. கலீலாவிலும் சிங்கம் மூடனாக இருக்கலாம். ஆனால் சிங்கமே அரசன். எருதோ முயலோ ஆள்வதைப் பற்றி யாரும் கனவு காண்பதில்லை. அரசனைத் திருத்தலாம், அரசு முறையைத் தொடக்கூடாது. கவிஞர் அத்தாரின் பறவைகள் மட்டும் அரசனைத் தேடிப் போய்த் தங்களையே காண்கின்றன. அது தனி உரைக்குரிய பொருள். தியான மண்டபங்களில் வேண்டியமட்டும் பேசப்பட்டும் வருகிறது.

பாரசீகம் தமிழுக்குள் வந்த வழியைச் சொல்லாமல் போக முடியாது. நாமா, கிஸ்ஸா, மசலா என்று பாரசீக, அரபுப் பெயர்களோடு தமிழ்ப் பாட்டிலக்கியம் படைத்தவர்கள் முஸ்லிம் புலவர்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் வேடன் கட்டிவைத்த பெண்மான் தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வர, நபிகள் பிணை நிற்கும் பகுதி தமிழின் சிறந்த விலங்குக் கதைகளில் ஒன்று. அசனாலெப்பைப் புலவர் வாழ்ந்தது இந்த யாழ்ப்பாணத்தில். அந்தச் சமூகத்தை 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசம் கொடுத்து இந்த நகரத்தைவிட்டுத் துரத்தினோம். துரத்தியவர்கள் விடுதலைப் புலிகள், நாங்கள் அல்ல என்று சொல்லலாம். மஸ்னவியின் அந்த இரவில் கன்றைத் தின்னாதவன் விழித்திருந்தான். தின்னாமல் உறங்கிப்போனவர்களைப் பற்றி ரூமி ஒன்றும் சொல்லவில்லை. எங்களில் பலர் அந்த வகை. பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் காகமும் எலியும் ஆமையும் மானும் சேர்ந்து வாழ்கின்றன. ஒன்று அகப்பட்டால் மற்ற மூன்றும் வருகின்றன. நாங்கள் அந்தப் பாடத்தை நன்றாக மனப்பாடம் செய்திருந்தோம்.

மனப்பாடம் என்றதால் கடைசிச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தருக்குப் பாரசீகம் கற்பிக்கக் காஷிஃபியின் அன்வாரே சுஹைலி பாடநூல். அதே காலத்தில் சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ் கற்கும் ஆங்கிலேயருக்காகத் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார், 1826இல் அச்சானது. தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளைக் கொண்டு அபே துபுவா பிரெஞ்சில் வெளியிட்டதும் 1826தான். ஆளப்போகிறவர்கள் வடக்கிலும் தெற்கிலும் ஒரே நூலைப் படித்தார்கள், ஒன்றைப் பாரசீகத்தில், ஒன்றைத் தமிழில். அவர்கள் படித்தது மொழிக்காக. ஆனாலும் அவர்கள் கையில் இருந்தது ஆட்சி நூல். அதே கதைகள் எங்கள் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகத்துக்கு வந்தபோது ஆட்சி கழன்றுபோய், கீழே ஒரு வரி ஒட்டிக்கொண்டது: இக்கதையால் நாம் அறியும் நீதி யாது? மூன்று புள்ளி. விடை ஏற்கெனவே ஆசிரியர் கையேட்டில் இருக்கிறது. வேறு நீதி எழுதிய பிள்ளைக்குப் புள்ளி இல்லை.

முன்வரிசையில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தவணையில் ஏதாவது ஒரு வகுப்பில் ஓடுகிற நரியின் கதையைச் சொல்லுங்கள். நீதியைச் சொல்லாதீர்கள். யார் ஒட்டகம், கைகாட்டியது யார், விசாரிக்க வேண்டியவர் யார் என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதி இந்த உரையை நடத்தும் அறக்கட்டளைக் குழுவிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருபவர் அதிலிருந்து தம் உரையைத் தொடங்கட்டும்.